சீமாற்றில் பிறந்த தட்டான்

சரவணம்பட்டியில் வாரம் முழுக்கக் கம்ப்யூட்டரோடு மாரடிக்கும் எனக்கு, ஞாயிற்றுக்கிழமைதான் கேமரா. இருட்டோடு ஸ்கூட்டரை எடுத்தால் விடியும்போது தொண்டாமுத்தூரில், தெரிந்த அக்கா ஒருவரின் தென்னந்தோப்பில் இருப்பேன். அங்கே கிணற்றுத் தண்ணீரைத் தேக்கும் சிமெண்ட் தொட்டி ஒன்று உண்டு. பாசியும் கோரையும் மண்டிய அந்தத் தொட்டிதான் என் சொர்க்கம்.

தட்டான் படம் எடுப்பதில் எனக்கு ஒரு வீம்பு. பூச்சியைத் தொடமாட்டேன்; இருக்கிற இடத்தில் இருக்கிறபடிதான் எடுப்பேன். பிடித்துவந்து பூவில் உட்காரவைத்துப் படம் எடுக்கிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

மூன்று வருடமாக ஒரே ஒரு படத்துக்கு அலைந்தேன். தட்டான் குஞ்சு தண்ணீருக்குள்ளேயே வளரும். ஒருநாள் தண்டில் ஏறி, முதுகுத் தோல் வெடித்து, சிறகோடு வெளியே வரும். அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு வேண்டும். போகும்போதெல்லாம் காலிக் கூடுதான் தண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுப் போனேன். கோரைத் தண்டில் ஒரு குஞ்சு தலையை நீட்டிக்கொண்டிருந்தது. முதுகு நன்றாக உப்பியிருந்தது. இன்னும் ஓரிரு நாள்தான் என்று சந்தோஷம் தாங்கவில்லை.

கிளம்பும்போது அக்காவிடம், “ஞாயித்துக்கிழமை வெடியறப்ப வாரேனுங்க்கா. தொட்டியப் படம் எடுக்கோணும்” என்றேன்.

“தொட்டியவா? அதுக்கென்ன, வா அம்மணி.”

ஞாயிறு விடிகாலையில் போய்ப் பார்த்தால் தொட்டி பளிச்சென்று இருந்தது. பாசி இல்லை, கோரை இல்லை. அடிச்சிமெண்ட் தெரியப் புதுத் தண்ணீர். தொட்டியைச் சுற்றிச் சாணம் தெளித்துக் கோலம் வேறு.

“நேத்துப் பூராத் தேய்ச்சுப்போட்டேன் அம்மணி. படத்துல அழுக்காத் தெரிஞ்சா ஊட்டுக்காரங்கள என்ன நெனப்பாங்க?” என்று காபியோடு வந்தார் அக்கா.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்த அந்தக் கையைப் பார்த்தேன். காபியை வாங்கிக் குடித்தேன்.

“கோரைய என்னங்க்கா பண்ணுனீங்க?”

“தென்னைக்குப் போட்டுட்டேன்.”

ஓடிப்போய்க் கிளறினேன். எல்லாம் வாடிச் சுருண்டு கிடந்தது. சோர்ந்துபோய்த் திரும்பியபோதுதான் தொட்டிச் சுவரில் சாய்ந்திருந்த ஈர்க்குச் சீமாறு கண்ணில் பட்டது. தொட்டியைக் கழுவிய அதே துடைப்பம், ஈரம் காயாமல். தேய்க்கும்போது ஒட்டிக்கொண்டதோ என்னவோ, அதன் நுனி ஈர்க்கில் அந்தக் குஞ்சு ஏறியிருந்தது. முதுகு வெடித்து, வெளிறிய தலை வெளியே வந்துகொண்டிருந்தது.

நான் முட்டி போட்டு லென்ஸைத் திருகுவதற்குள் அக்கா பதறிவிட்டார்.

“அய்யோ, சீமாத்தையா படம் புடிக்கறே? இரு, செம்பருத்திச் செடியில ஏத்தி உட்டர்றேன்.”

அவர் கை அதன் பக்கத்தில் போய்விட்டது. ஈரச் சிறகில் விரல் பட்டால் அது பறக்கவே பறக்காது.

“தொடாதீங்க!” என்று கத்திவிட்டேன். அக்காவிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

அவர் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கசங்கிக் கிடந்த சிறகு மெல்ல மெல்ல விரிந்து கண்ணாடியாயிற்று. ஒரு மணி நேரம் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். தட்டான் ஒருமுறை நடுங்கியது, பிறகு தென்னைக்கு மேலே போய்விட்டது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

“அட போ அம்மணி. கையை வெச்சிருந்தா நாந்தான பாவத்தைச் சொமக்கோணும்” என்றார்.

படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த வாரம் போனபோது கூடத்துச் சுவரில் அதைக் காணோம். எனக்குச் சுருக்கென்றது. அக்கா என்னை உள்ளே இழுத்து வாசற்கதவைச் சாத்தினார். கதவுக்குப் பின்னால், வீட்டுச் சீமாற்றுக்கு நேர் மேலே, படம் தொங்கியது.

“சீமாத்த நடுச்செவுத்துல மாட்டலாமா, சொல்லு? அதுக்கு எடம் இதுதான். வாரவங்களுக்கெல்லாம் கதவைச் சாத்திச் சாத்திக் காட்டிட்டிருக்கேன்.”

இருக்கிற இடத்தில் இருக்கிறபடி. என் வீம்பேதான்.