இடது குழலின் சங்கதி

பாக்கீசியோ முலாஸ் சாலை பராமரிப்புத் தொழிலாளி. நுவோரோ நகரத்திலிருந்து மலையேறும் பாதையில் பதினெட்டு கிலோமீட்டர் அவர் பொறுப்பு. சரிந்த கல்லை அள்ளுவார், குழியை அடைப்பார், ஆடு மேய்ப்பவர்களோடு சண்டை போடுவார். "எனக்குத் தெரியாது" என்று அவர் சொல்லி ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. கடிகாரம் நின்றால் அவரே பிரிப்பார். பிறகு அது ஓடவே ஓடாது. ஆனாலும் மனைவி போன பின் மகள் விசென்தாவை ஒற்றை ஆளாக வளர்த்து ஆளாக்கியவர் என்பதால், ஊர் அவரைப் பொறுத்துக்கொண்டது.

அந்த இரட்டைக்குழல் துப்பாக்கி அவருக்குக் கிடைத்தது, கீழூரில் இறந்துபோன ஒரு பாதிரியாரின் வீட்டைக் காலி செய்தபோது. குழல்கள் அருகருகே, மேலே தோட்டாவை அடிக்கும் இரண்டு சுத்திகள், எல்லாம் துரு. பின்புற மரக்கட்டையில் விரல் நுழையும் விரிசல். அதைத் தோளில் போட்டுக்கொண்டு மதுக்கடைக்கே நேராக வந்தார். சும்மா வீட்டுக்குப் போயிருக்கலாம். போகமாட்டார்.

வேட்டைக் குழுவின் தலைவர் பிரெடு சொரொத்து அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல விறகுடா பாக்கீசியோ. ஒரு நாள் ரொட்டி சுடத் தாங்கும்."

"சிரிங்க அண்ணே, சிரிங்க. அடுத்த வருஷம் நவம்பர்ல இதைப் பார்த்து வாயைப் பிளக்கப்போறது நீங்கதான்."

சொன்ன சொல்லுக்காக எட்டு மாதம் உழைத்தார். இறுகிப்போன திருகாணிகளை ஒரு வாரம் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழற்றினார். விசைகளுக்குள் யாரோ எந்தக் காலத்திலோ விட்ட ஆலிவ் எண்ணெய் பிசினாகக் கிடந்தது, ஊசியால் சுரண்டினார். கட்டையை ஒட்டி, ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து ஏற்றினார். குழல்களின் உட்புறம்தான் அவரைப் படுத்தியது. வலது குழல் சீக்கிரம் வழிக்கு வந்துவிட்டது. இடதில் துரு குழிகுழியாக அரித்திருந்தது. விட்டுவிட வேண்டியதுதானே? விடவில்லை. குழி மறையும்வரை தேய்த்தார், கண்ணாடிபோல் ஆகும்வரை தேய்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மூக்கின் மயிர்கூடத் தெரிந்தது.

நுவோரோ துப்பாக்கிப் பட்டறைக்காரர் அளவுகோலை விட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"துருவை எடுக்கச் சொன்னா நீ இரும்பையே எடுத்துட்டியேப்பா. இடது குழல் இந்த இடத்துல காகிதம் மாதிரி இருக்கு. சுவத்துல மாட்டிடு."

"சுடவே முடியாதா?"

"பழைய துப்பாக்கி, தோட்டா அறையும் குட்டை. மருந்து கம்மியா, குட்டைத் தோட்டா போட்டா தாங்கும். இப்ப வர்ற நீளத் தோட்டாவும் உள்ளே போகும், பூட்டவும் பூட்டும். அதான் ஆபத்து. சுட்டதும் அதோட வாய் விரிய இடமில்லாம அழுத்தம் ஏறும். இடதுல அதைப் போட்டா கை உன்னுதில்ல."

குட்டைத் தோட்டா இரண்டு பெட்டி வாங்கிக்கொண்டு வந்தார். பட்டறைக்காரர் சொன்னதை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார். விறகு என்று சிரித்தவர்களிடம், தேய்த்துத் தேய்த்தே கெடுத்தேன் என்று எப்படிச் சொல்வது?

அந்த இலையுதிர் காலத்தில் விசென்தாவுக்கு வேட்டை உரிமம் வந்தது. பாலாடைக்கட்டிப் பண்ணையில் வேலை பார்க்கும் இருபத்துநாலு வயதுப் பெண். குழுவில் சேரும் முதல் பெண். துப்பாக்கியை அவளிடமே கொடுத்தார்.

"இந்தப் பெட்டில இருக்கிற தோட்டாவை மட்டும் போடு."

"ஏம்ப்பா?"

"சொன்னா கேளேன். எல்லாத்துக்கும் ஏன் எதுக்குன்னு."

அவளும் அது அப்பாவின் வழக்கமான பிடிவாதம் என்று விட்டுவிட்டாள்.

நவம்பர் முதல் ஞாயிறு. பாக்கீசியோ காட்டுப்பன்றியைக் கிளப்பி மேலே துரத்தும் விரட்டுக்காரர், நாய்களோடு விடியலிலேயே பள்ளத்தாக்கின் அடிக்குப் போய்விட்டார். சுடுபவர்கள் மேலே சீட்டுக் குலுக்கி, மலைமுகட்டில் அவரவர் இடத்தில் நின்றார்கள். நாய்களை அவிழ்த்துவிட்ட பிறகுதான் இன்னொரு விரட்டுக்காரன் பாந்தலியோ மூச்சிரைக்க இறங்கி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, நீங்க இருந்து பார்த்திருக்கணும்! உங்க துப்பாக்கியைப் பார்த்து பிரெடு அண்ணன் வாயைப் பிளந்துட்டாரு. 'இது விறகில்ல, புதுத் துப்பாக்கிதான்'னு சொல்லி அவரே தொப்பியை நீட்டினாரு."

பாக்கீசியோ அவன் தோளைப் பிடித்தார்.

குழுவின் வழக்கம் அது. புதுத் துப்பாக்கி முதன்முதலாக வேட்டைக்கு வந்தால், ஆளுக்கொரு தோட்டா தொப்பியில் போடுவார்கள். முதல் இரண்டு வெடியும் அந்தத் தோட்டாக்களில்தான். குழுவில் எல்லோரிடமும் இருப்பது நீளத் தோட்டா. மறுத்தால் எல்லோர் முகத்திலும் அடித்த மாதிரி. புதுத் துப்பாக்கி வந்து ஏழெட்டு வருடமாகிவிட்டது. தன்னுடைய பழைய இரும்புக்கு அந்த மரியாதை நடக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

"போட்டாளா? அந்தத் தோட்டாவைப் போட்டாளா?"

"பின்னே? எல்லார் முன்னாலயும் ரெண்டு குழல்லயும் போட்டா. என்னண்ணே, ஏன் இப்படி வெளுத்துட்டீங்க?"

மேலே நாய்கள் குரல் மாற்றின. பன்றி எழுந்துவிட்டது. விசென்தா நிற்கும் முகடு இரண்டு ஓடைக்கு அப்பால். ஓடினாலும் முக்கால் மணி நேரம். கத்தினால், விரட்டுக்காரன் கத்துகிறான் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

இடுப்பில் நாய்களை அழைக்கும் ஊதுகொம்பு இருந்தது. மூன்று நீண்ட ஊதல் என்றால் வேட்டை முடிந்தது. பன்றி காலடியில் நின்றாலும் அந்த நொடியே சுடாமல் துப்பாக்கியை மடக்கித் திறந்துவிட வேண்டும். அதை ஊதும் உரிமை பிரெடு ஒருவருக்குத்தான். வேறு யார் ஊதினாலும் அந்தப் பருவம் முழுக்கக் குழுவை விட்டு வெளியே. கொம்பை வாயருகே கொண்டுபோன பாக்கீசியோ ஒரு கணம் நின்றார். என்ன காரணம் சொல்வது என்று யோசித்தார். ஆம், அப்போதும் அந்த மனுஷன் அதைத்தான் யோசித்தார்.

நாய்களின் குரைப்பு முகட்டின் பக்கம் திரும்பியது. ஊதினார்.

ஒன்று. இரண்டு. மூன்றாவதற்கு மூச்சை இழுத்தபோது மேலே ஒரு வெடி கேட்டது.

மூன்றாவதை எப்படி ஊதினார் என்று அவருக்கே தெரியாது. புதரும் முள்ளும் பாராமல் ஓடினார். ஓடையில் விழுந்து முழங்கால் கிழிந்தது. மகளின் கையை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு வந்த கை.

முகட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். நடுவில் விசென்தா, திறந்த துப்பாக்கியை முழங்கையில் மடக்கிப் போட்டுக்கொண்டு, முழுசாக நின்றாள். சுட்டது பக்கத்து இடத்து ஆள், குறியும் தவறிவிட்டது. பாக்கீசியோ அப்படியே தரையில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதார்.

"எவன்டா ஊதினது?" பிரெடு உறுமினார். "வேட்டையே நாசம்!"

பின்னாலேயே ஓடிவந்த பாந்தலியோ நல்லெண்ணத்தில் குறுக்கே வந்தான். "கோவப்படாதீங்கண்ணே, நெஞ்சு வலின்னு நினைக்கிறேன். ஆளைப் பாருங்க."

எல்லா முகங்களும் இளகின. விசென்தா பதறிப்போய் மண்டியிட்டாள். "நெஞ்சு வலிக்குதாப்பா? தண்ணி தரட்டா?"

தலையாட்டினால் போதும். மலையைவிட்டு இறக்கி, போர்வை போர்த்தி, பிராந்தி கொடுத்து வீட்டில் விட்டிருப்பார்கள். பாக்கீசியோ மகளின் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. இடது குழல் கெட்டது. நான்தான் தேய்ச்சுத் தேய்ச்சுக் கெடுத்தேன். பெரிய தோட்டா போட்டா வெடிக்கும்னு நுவோரோவுல சொன்னாங்க. மே மாசத்துலேருந்து எனக்குத் தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை.

விசென்தா எழுந்து நின்று, குழல்களிலிருந்து இரண்டு தோட்டாக்களையும் எடுத்து பிரெடுவின் கையில் வைத்தாள்.

"பன்னி தூரத்துல போச்சு. தூரத்துக்கு இடது குழல்தான்னு நீங்கதானேப்பா சொல்லிக்கொடுத்தீங்க? விரலை அந்த விசைலதான் வெச்சிருந்தேன். கொம்பு கேட்டுது, எடுத்துட்டேன்."

"விசென்தா..."

"ஏன்னு கேட்டேனேப்பா அன்னிக்கு."

பிரெடு தோட்டாக்களைப் பைக்குள் போட்டார். "இந்தப் பருவம் முழுக்க நீ வரவேண்டாம், பாக்கீசியோ. வழக்கம் வழக்கந்தான்." பாக்கீசியோ தலையாட்டினார்; அதைக் காதில் சரியாக வாங்கினாரா என்பதே சந்தேகம்.

கீழே வண்டியருகே வந்ததும், அவர் வழக்கம்போல முன்கதவை மகளுக்காகத் திறந்து வைத்தார். விசென்தா அந்த இருக்கையில் துப்பாக்கியைச் சாய்த்துவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, பின்னால் போய் நாய்களோடு உட்கார்ந்துகொண்டாள்.