சின்னம்மா சாகக்கூடாத ஏழு வருடங்கள்

அம்மாவின் தங்கை லண்டனில் தனியாக இருக்கிறார். கணவர் இறந்து வெகுகாலம், பிள்ளைகள் இல்லை. எழுபத்திரண்டு வயதில் ஒருநாள் கனடாவில் இருக்கும் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, வீட்டை விற்றுவிட்டுச் சின்ன பிளாட் ஒன்றுக்குப் போவதாகவும் மிச்சக் காசை எனக்குத் தரப்போவதாகவும் சொன்னார். செத்த பிறகு தந்தால் அங்கே அரசாங்கம் ஒரு பங்கை வரியாக எடுக்குமாம். இப்போதே கொடுத்துவிட்டு ஏழு வருடம் உயிரோடு இருந்தால் அந்தக் காசுக்கு வரி இல்லையென்று அவருடைய சட்டத்தரணி சொல்லியிருந்தார்.

"அப்ப ஏழு வருஷத்துக்கு நான் சாகேலாது பிள்ளை," என்றார், வேலைக்கு லீவு எடுக்க முடியாது என்பதுபோல.

எனக்குக் கூச்சமாக இருந்தது. அவருடைய சாவைப் பற்றிய பேச்சில் எனக்கு ஒரு லாபம் இருப்பது பிடிக்கவில்லை. என் கணவர்தான் ஸ்காபரோவில் தெரிந்த ஒரு கணக்காளரிடம் கூட்டிப்போனார். கனடாவில் அன்பளிப்பைப் பெறுபவருக்கு வரி இல்லை, இது அன்பளிப்பு என்று சின்னம்மா திகதியிட்டுத் தரும் கடிதத்தை மட்டும் கவனமாக வைத்திருங்கள் என்றார் அவர். அந்தக் காசு வந்ததால்தான் மல்வேர்னில் வாடகைக்கு இருந்த நாங்கள் பிக்கரிங்கில் வீடு வாங்கினோம்.

சின்னம்மா சீனியை விட்டார். தினமும் நடந்தார். நான் ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிட்டு, பிரஷர் எவ்வளவு, மருந்து போட்டீர்களா என்று விசாரிப்பேன். மூன்றாம் வருடம் ஒருமுறை அவர் கேட்டார்:

"நீ என்னை விசாரிக்கிறியோ, வருஷத்தை விசாரிக்கிறியோ?"

இரண்டும்தான் என்பது எனக்கே தெரிந்திருந்தது. அதையே சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "சரி, உண்மையைச் சொல்லிப்போட்டாய். இனி என்ன சமைச்சனெண்டு கேள்," என்றார்.

அதன்பிறகு எங்கள் பேச்சு மாறியது. அவர் பக்கத்து வீட்டு போலந்துக்காரியோடு போட்ட சண்டையைச் சொல்வார். நான் ரயிலில் வேலைக்குப் போகும்போது பார்த்தவர்களைப் பற்றிச் சொல்வேன். கோடையில் இங்கே வந்து இரண்டு மாதம் நின்றார். என் மகளுக்குத் தமிழில் கடை பேரம் பேசப் பழக்கினார். அவள் அதை மார்க்கம் ரோட்டுத் தமிழ்க்கடையில் முயன்று பார்த்து வெட்கப்பட்டுத் திரும்பினாள். அம்மா உயிரோடு இருந்தபோதுகூட சின்னம்மாவோடு நான் இவ்வளவு பேசியதில்லை.

போன மாதம் கணவர் வரிக் கடதாசிகளை ஒழுங்குபடுத்தும்போது அந்தக் கடிதத்தை எடுத்துத் திகதியைப் பார்த்தார். ஏழு வருடம் முடிந்து மூன்று கிழமை ஆகியிருந்தது. எங்களில் ஒருவருக்கும் அது நினைவில்லை. சின்னம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவருக்கும் நினைவில்லை.

"அப்ப இனிச் சாகலாம்," என்றார். பிறகு, "இப்ப நேரமில்லை. ஆனியிலை அங்கை வாறன், ரிக்கெற் போட்டாச்சு."

அவர் தங்கும் அறையைத் துப்புரவாக்கத் தொடங்கியிருக்கிறேன். மெத்தை அவருக்கு மெத்தென்று இருக்கக்கூடாதாம், முதுகு நோகுமாம். இந்தச் சனிக்கிழமை புதிது வாங்கப் போகிறோம்.