ஜொய்சியின் டெப் சப்பாத்து

றொசல்ல தேயிலைத் தோட்டத்து ஜொய்சி குவைத்தில் வீட்டு வேலை பார்த்தபோது, அந்த வீட்டுப் பெண் டெப் நடனம் பழகினாள். சப்பாத்தின் அடியில் தகடு பொருத்தி, தரையில் காலாலேயே தாளம் தட்டுகிற ஆட்டம். கூட ஆட ஆள் இல்லாமல் ஜொய்சிக்கும் கற்றுக்கொடுத்தவள், இவள் ஊர் திரும்பும்போது தன் பழைய சப்பாத்தையும் கொடுத்துவிட்டாள்.

ஊரில் அண்ணன் ஜூட்சன் இருந்தான். தாய் செத்ததிலிருந்து தங்கச்சியை அடிப்பது அவனுக்குப் பழக்கம். ஒருமுறை பெல்ட்டால் அடித்து முன்பல்லை உடைத்திருக்கிறான். அப்பா பத்திநாதன் அந்த நேரங்களில் எழுந்து வெளியே போய்விடுவார்.

வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை முன்பு பார்த்துக்கொண்ட, இப்போது மூடிக் கிடந்த பிள்ளைக் காம்பராவின் பலகைத் தரையில் ஜொய்சி ஆடினாள். கொழுந்து எடுக்கும் பக்கத்து லயத்து வரிசை வீட்டு ஜீவராணி ஞாயிற்றுக்கிழமைகளில் பழக வந்தாள்.

"முன்னுக்கு ஒருக்கா, பின்னுக்கு ஒருக்கா தரைய ஒரசு. அதுதான் ஷஃபிள்."

"அப்ப இது?" ஜீவராணி ஓங்கி மிதித்தாள்.

"மிதிச்சதும் கால தூக்கிட்டா ஸ்டோம்ப். ஒடம்புப் பாரத்த எறக்கி அப்படியே வச்சா ஸ்டாம்ப்."

கதவு உதைபட்டுத் திறந்தது. ஜூட்சன் நின்றான். கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி.

"ஊரே சிரிக்குது. காலு இருந்தாத்தானே ஆடுவ."

"அண்ணே, கத்தியக் கீழ போடுங்க," என்றாள் ஜொய்சி.

முதல் வெட்டு பலகையில் விழுந்தது. அடுத்தது சப்பாத்தின் தோலைக் கிழித்து அவள் இடது கால் விரல்களில் இறங்கியது. ஜொய்சி சுருண்டு விழுந்தாள். ஜீவராணி பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுக்க, முழங்கையால் அவள் மூக்கை உடைத்தான். அவன் திரும்பிய அந்த இடைவெளியில், கிடந்தபடியே ஜொய்சி தகட்டுக் காலால் அவன் முழங்காலில் உதைத்தாள். விழுந்தவன் கையிலிருந்து கத்தி நழுவியது. அதை எடுக்க அவன் கை நீட்டினான். சுவரைப் பிடித்து எழுந்த ஜொய்சி அவன் மணிக்கட்டில் வைத்தது ஸ்டாம்ப். எலும்பு முறியும் சத்தம் கேட்டும் காலை எடுக்கவில்லை. அவன் அவள் கெண்டைக்காலைக் கடித்தான். அப்போதும் எடுக்கவில்லை. எடுத்தால் கத்தி அவன் கைக்குப் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். லயத்து ஆட்கள் ஓடிவந்துதான் இருவரையும் பிரித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஜொய்சியின் இரண்டு கால் விரல்களை எடுத்துவிட்டார்கள். பத்திநாதன் வந்தார்.

"அவன் கை இனி சரிவராதாம் தாயி. பொலிஸ்ல குடுத்த கேச வாபஸ் வாங்கிரு."

"என் காலப் பாத்தீங்களாப்பா?"

அவர் பார்க்கவில்லை.

"அப்ப போங்க," என்றாள்.

ஜீவராணியோடு ஹட்டன் டவுனில் அறை எடுத்து, துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆடும்போது இடது பக்கம் சாய்ந்து விழுவாள். எழுந்து திரும்பவும் ஆடுவாள். ஜூட்சனுக்குச் சிறைத்தண்டனை விழுந்த அன்று அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. நல்ல பசி வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த கடையில் இருவரும் ரொட்டி சாப்பிட்டார்கள்.