முதுகில் எண் போட்ட சட்டை

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் நான் இட்லிக் கடை போட்டிருந்த இடத்துக்கு ஒட்டினாற்போல்தான் அந்தக் கேமரா கம்பத்தை நட்டார்கள். கோயில் தேருக்குச் செய்வதுபோல அதற்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த அதிகாரி ஒருவர், மற்றவர்களைப் பார்த்துத் தானும் ஷூவைக் கழற்றிவிட்டு, சூடத்தை இரண்டு கையாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு கம்பத்தில் பதித்த பலகையின் திரையை இழுத்தார். அதில் அவர்கள் நாட்டுக் கொடியும் நம் கொடியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அந்த நாட்டின் அன்பளிப்பு என்று எழுதியிருப்பதாக யாரோ படித்துச் சொன்னார்கள். ஒரகடத்தில் அவர்கள் நாட்டுக் கம்பெனிகள் நிறைய வந்திருந்த காலம் அது.

"பொம்பளப் புள்ளைங்க ஷிப்டு முடிச்சிக்கினு வருதுங்கல்ல, அதுங்க பாதுகாப்புக்குதாம்மா," என்றார் ஏட்டு. "உன் கடைக்கும் சேத்துதான். இனிமே எவனாவது வடைய எடுத்துகினு ஓடுனா, அந்த நாட்டுலயே பாத்துருவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான். அதற்குச் சில நாள் முன்புதான் ஷிப்ட் முடிந்து வந்த ஒரு பெண்ணின் சங்கிலியை அதே இடத்தில் அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

நான் கூச்ச சுபாவம் உள்ளவள். இத்தனை வருஷம் கடை நடத்தியும் சாப்பிட வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பேச வராது. தட்டையும் கையையும்தான் பார்ப்பேன். அதனால் முதல் சில நாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டே இட்லி ஊற்றினேன். கறுப்புக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி இருந்தது அந்தக் கேமரா. எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. போகப்போக அது இருப்பதே மறந்துபோயிற்று.

கடைக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒரு அறையை எடுத்துக்கொண்டு தென்காசிப் பக்கத்துப் பையன்கள் ஐந்து பேர் தங்கியிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரகடத்தில் ஒரே கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஆளுக்கு இரண்டாகக் கொடுத்த சாம்பல் நிறச் சட்டையில் முதுகுப் பக்கம் பெரிதாக எண் போட்டிருக்கும். மேலே நிற்கும் சூப்பர்வைசருக்கு, கீழே லைனில் குனிந்திருப்பவன் யார் என்று தெரிய வேண்டுமாம். வேலைக்குப் போகும்போது அவரவர் சட்டை. மற்ற நேரத்தில் அந்த அறையில் எவன் சட்டையும் எவனுக்கும் உண்டு. கொடியில் எது காய்ந்திருக்கிறதோ, அதைப் போட்டுக்கொண்டு சாப்பிட வந்துவிடுவார்கள்.

"ஏலே, எஞ்சட்டையில சட்னியக் கொட்டிராத."

"ஒஞ்சட்டையா? அப்ப அதுக்கும் சேத்து ரெண்டு இட்லி சொல்லு. பாவம், பசிக்கும்லா."

இப்படிப் பேசுகிறவன் ஒருவன். அவன் வந்தால் கடையே கலகலக்கும். வாயே திறக்காதவன் இன்னொருவன். தட்டை நீட்டுவான், நான் ஒரு கரண்டி சட்னி கூட ஊற்றுவேன், அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. அடுத்த மாதம் இந்த அமைதியானவனை பெர்மனென்ட் ஆக்கப்போவதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அது லேசில் கிடைக்காது. இனி கேரளாவுக்குக் கல் உடைக்கப் போக வேண்டாம் என்று ஊரில் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டான் என்று வாயாடிதான் என்னிடம் சொன்னான்.

அந்தச் சமயத்தில் லைனில் வேலை செய்த ஒருவனின் கை பிரஸ் மெஷினில் மாட்டிக்கொண்டது. அவனைக் கம்பெனி வண்டியில் ஏற்றாமல் ஷேர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்களாம். மறுநாள் காலை வாயாடி என் கடை பெஞ்சின் மேல் ஏறி நின்றான்.

"நம்ம கை என்ன ஸ்பேர் பார்ட்டாலே? போச்சுன்னா வேற மாட்டுறதுக்கு? இன்னைக்கு ஒருத்தனும் பஸ்ஸுல ஏறக் கூடாது."

கம்பெனி பஸ் வந்தது. ஒருவரும் ஏறவில்லை. காலியாகவே போயிற்று.

வேலைக்குப் போகப்போவதில்லை என்று கொடியில் கிடந்ததைப் போட்டுக்கொண்டு வந்த வாயாடியின் முதுகில் அன்று இருந்தது அமைதியானவனின் எண். அமைதியானவனோ நைட் ஷிப்ட் முடித்து வந்து, என் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, கூட்டம் சேர்வதற்கு முன்பே அறைக்குத் தூங்கப் போயிருந்தான்.

இரண்டு நாள் கழித்து அவன் தட்டை நீட்டாமல் வந்து நின்றான்.

"அக்கா, கம்பெனில கூப்பிட்டு ஒரு படம் காட்டுனாவ. முதுகுதான் தெரியுது. என் நம்பரு. நான் இல்லன்னு சொன்னா நம்ப மாட்டுக்காவ. பெர்மனென்ட் கெடையாது, வேலையும் கெடையாதுங்காவ. நான் தூங்கப் போனத நீங்க பாத்தியள்லா? இந்தக் கம்பத்துக் கேமராப் படமாம், போலீஸ் ஸ்டேஷன்லதான் இருக்கு. அங்க போயி ஒரு வார்த்த சொல்லுதியளா?"

அவன் என்னிடம் அவ்வளவு பேசியது அன்றுதான். போலீஸ் ஸ்டேஷன் வாசலைக்கூட மிதித்திராத நான் சரி என்றேன். வழியெல்லாம் ஒரே வரியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அந்தப் பையன் இல்லை சார். அந்தப் பையன் இல்லை சார்.

அங்கே ஒரு சின்ன அறையில் ஏட்டும், கழுத்தில் அட்டை மாட்டிய கம்பெனிக்காரர் ஒருவரும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். படத்தில் என் கடை மேலிருந்து தெரிந்தது. என் தலையின் வகிடு, நரைத்த முடி, பானையிலிருந்து வரும் ஆவி. சத்தம் மட்டும் இல்லை. பெஞ்சில் ஒருவன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையை உயர்த்தினான்.

"அந்தப் பையன் இல்ல சார். அது டீ குடிச்சிட்டு தூங்கப் போயிடுச்சி."

"சரிம்மா. அப்ப இது யாரு?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒருவனைக் காப்பாற்ற வந்தவள், இன்னொருவனை எப்படிக் காட்டிக்கொடுப்பேன்? "தெரியல சார். நான் யார் மொகத்தையும் பாக்கறது இல்ல," என்றேன்.

"இன்னாமா நீ, தெனம் சோறு போடுறவ இப்டி சொல்ற?" என்று ஏட்டு அதட்டினார்.

கம்பெனிக்காரர் அதட்டவில்லை. படத்தைப் பின்னால் ஓட்டினார். வேறொரு நாள், அதே எண், குள்ளமான ஒரு முதுகில். இன்னொரு நாள், ஒல்லியான ஒரு முதுகில். படத்தை அங்கேயே நிறுத்தினார்.

"சட்டைய மாத்தி மாத்திப் போடுறாங்க. எல்லாம் ஒரே ரூமா?"

"ஒரே ரூமுதான் சார். இந்தம்மா கடைக்குப் பின்னாடி," என்றார் ஏட்டு.

"அப்பப் பிரச்சினை இல்ல. நீங்க போங்கம்மா. ரொம்ப தேங்க்ஸ்."

அதை நான் நல்ல வார்த்தை என்று எடுத்துக்கொண்டேன். திரும்பி வந்து அவனிடம் அப்படியே சொன்னேன். "பிரச்சினை இல்லன்னுட்டாருப்பா." அவன் சிரித்ததைக்கூட அன்று நிமிர்ந்து பார்த்தேன்.

அடுத்த வாரம் கம்பெனி கேட்டில் ஐந்து பேரின் அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். யார் என்று தெரியாவிட்டால் என்ன, அந்த அறையே வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டார்களாம். பெர்மனென்ட் ஆக இருந்தவனும் அதில் ஒருவன்.

அறையைக் காலி செய்த அன்று பைகளோடு கடைக்கு வந்தார்கள். வாயாடி பேசவில்லை. அமைதியானவன்தான் கேட்டான்.

"அக்கா, அங்க என்னதான் சொன்னிய?"

"நீ இல்லன்னு மட்டும்தாம்பா சொன்னேன்."

"அது போதும்னுதான் நானும் நெனச்சேன்," என்றான்.

ஊருக்கு ரயில் பிடிக்கப் போகிற தாம்பரம் பஸ் வந்தது. நான்கு பேர் ஏறினார்கள். வாயாடி படிக்கட்டில் நின்று, "ஏலே, வாலே," என்று இரண்டு தடவை கூப்பிட்டான். இவன் தலையைத் திருப்பவில்லை. பஸ் போனபின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ரோட்டைக் கடந்து, காஞ்சிபுரம் போகும் பக்கத்தில் போய்த் தனியாக நின்றான்.