எங்க வம்சத்துல தலைவலிகூடக் கிடையாது

தலையை ஸ்கேன் எடுக்கும் அறைக்கு ஆட்களைத் தள்ளிக்கொண்டு போகிற வேலையில் கை வலிக்காது, கூட வரும் சொந்தக்காரர்கள் பேச்சில் காதுதான் வலிக்கும். ஆஸ்பத்திரியில் அட்டெண்டன்டாக இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். எண்பதுகளில், சிங்கப்பூரில், எங்கள் சீன டாக்டரம்மாவிடம் தமிழ் ஆள் வந்தால், தமிழில் எடுத்துச் சொல்வதும் நான்தான்.

டாக்டரம்மா கேட்ட கேள்வி

துவாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்யும்போது வலிப்பு வந்து விழுந்த செல்வத்தைக் கொண்டுவந்தார்கள். படத்தில் மூளைக்குள் ரத்தக் குழாய் கொத்துக் கொத்தாகச் சுருண்டிருந்தது. ஒன்றிரண்டல்ல, பல இடத்தில். அப்படி இருந்தால் பரம்பரையாக வருவதாக இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. ரத்தத்தை எடுத்து, ஜீனில் எங்கே கோளாறு என்று பார்க்கும் வசதி அப்போது கிடையாது. குடும்பத்தை வாயால் விசாரிப்பதுதான் சோதனை.

விசாரித்தேன். செல்வத்தின் தங்கை தேவிக்கு அடுத்த மாதம் கல்யாணம். நெற்றி நிறையத் தைலம் தடவிக்கொண்டு அவள் பக்கத்திலேயே நிற்கிறாள். அப்பா மாணிக்கம், குவீன்ஸ்டவுன்காரர், அவளைப் பார்க்காமலே சொன்னார்: “எங்க வம்சத்துல தலைவலிகூடக் கிடையாது, எழுதிக்கச் சொல்லுங்க.”

விசிட்டிங் நேரம்

உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் அத்தை இருப்பார். மாணிக்கத்தின் அக்கா, கேலாங்கிலிருந்து டிபன் கேரியரோடு வந்தார். கட்டிலருகே உட்கார்ந்திருந்த அம்மாள் தேவிக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் தாயார் என்று அவருக்குத் தெரியாது.

“எங்க சித்தப்பா இப்படித்தான் விழுந்தாரு, நடுத்தம்பி இப்படித்தான் போனான்” என்று ஒவ்வொருவராக எடுத்து வைத்தார். மாணிக்கம், தண்ணீர் நிறைந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு, தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார். எதிரே இருந்தவர் முகம் வெளுத்ததைப் பார்த்து அத்தை ஆறுதல் சொன்னார்: “நீங்க ஏம்மா பயப்படுறீங்க, இது எங்க குடும்பத்துக்கு மட்டும்தான்.”

தேவியின் படம்

தேவிக்கும் ஸ்கேன் எடுக்கணும் என்றார் டாக்டரம்மா. “கல்யாணம் முடியட்டுமே” என்றார் மாணிக்கம். “முடிஞ்சப்புறம் விழுந்தா நம்மள என்னப்பா சொல்வாங்க?” என்று தேவி தானே தள்ளுவண்டியில் ஏறிப் படுத்தாள். மாப்பிள்ளையின் தாயாரையும் அவளே வரச்சொல்லியிருந்தாள்.

படத்தில் ஒரு கொத்து இருந்தது, சின்னது. கசிவு இல்லை; ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், வருஷா வருஷம் பார்க்கணும்; பிள்ளைகளுக்கு வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி. டாக்டரம்மா சொன்னதில் எதையும் விடாமல் தமிழில் சொன்னேன். மாணிக்கம் தலை நிமிரவில்லை. மாப்பிள்ளையின் தாயார் கைப்பையைத் திறந்தார், மூடினார். பிறகு மாணிக்கத்திடம் சொன்னார்: “சம்பந்தி, என் மகனுக்குச் சக்கர வியாதி. நாங்களும் சொல்லல லா. தேதி அப்படியே இருக்கட்டும்.”

மண்டைக்குள் இருப்பதைப் பிடிக்க மெஷின் வந்துவிட்டது. கல்யாணம் பேசுகிறவர்கள் வாய்க்குள் வைத்திருப்பதைப் பிடிக்கத்தான் இன்னும் ஒன்றும் வரக் காணோம்.