ரத்தான ஆர்டருக்குப் போன செய்தி

பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டுச்சேலைக் கடையின் கணினி வேலைகளை நான் பார்க்கிறேன். தறியிலிருந்து சேலையை அறுத்ததும் நெசவாளர் கைப்பேசியில் ‘முடிந்தது’ என்று அழுத்தினால், வாடிக்கையாளருக்குத் தானாகவே செய்தி போகும்படி அமைத்தேன்.

அதைச் சோதிக்க, ரத்தான முகூர்த்தச் சேலை ஆர்டர் ஒன்றை எடுத்தேன். முடிந்துபோன ஆர்டர்தானே, யாரையும் பாதிக்காது என்று நினைத்தேன். ஏன் ரத்தானது என்று பார்க்கவில்லை. அதிலிருந்த கைப்பேசி எண்ணையும் மாற்றவில்லை.

மறுநாள் மாகறலிலிருந்து ஓர் அம்மா மடித்த துணிப்பையோடு வந்து, கைப்பேசியைக் காட்டினார். ‘பவித்ராவின் முகூர்த்தச் சேலை தயார். மணப்பெண்ணோடு வாருங்கள்.’

“பொண்ணு தவறிட்டா, வேணாம்னு அப்பவே சொன்னோம்மா. நெய்ஞ்சிட்டீங்கன்னா குடுங்க, எடுத்துக்கினு போறேன்.”

“நெய்யலம்மா. நான் சோதனை பண்ணும்போது தப்பா வந்துடுச்சு. மன்னிச்சிடுங்க. அந்த மெசேஜை அழிச்சிடறேன்.”

அவர் கைப்பேசியைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். “இருக்கட்டும்மா. அவ பேரைப் போட்டு இப்ப யாரு அனுப்பறாங்க?”

இப்போதெல்லாம் சோதனைக்கு முதலில் கற்பனைப் பெயர், என் சொந்த எண். அடுத்து, செய்தி அனுப்பும் படியைத் துண்டித்து, அந்த இடத்தில் ‘அனுப்பியாயிற்று’ என்ற போலிப் பதிலை மட்டும் கணினி தரும்படி வைக்கிறேன். அதைக்கொண்டே மற்றப் படிகளைச் சரிபார்க்கிறேன். வெளியே எதுவும் போவதில்லை.

போகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சோதனை முடிந்த மறுநாள், யாராவது துணிப்பையோடு நிற்கிறார்களா என்று கடை வாசலைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.