நாலு பிடி அரிசியும் ஒரு தம்ளர் காபியும்

மாசி மாதத்தில் ஒரு காலை. அல்சூரில் எங்கள் வீட்டு டெலிபோன் அடித்தபோது நான் இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். பேசியவர் பொம்மனஹள்ளியில் இருக்கும் மணி மாமா, என் கணவரின் இரண்டாவது அண்ணன். சாதாரணமாகப் பேசினாலே தெருமுனை வரை கேட்கும் குரல் அவருக்கு. அன்றைக்கு அந்தக் குரல் எழும்பவில்லை. "அண்ணி பூட்டாங்கம்மா" என்றார். எந்த அண்ணி என்று நான் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அண்ணி என்றால் ஒருவர்தான்.

பாக்கியம் அக்கா என் மூத்த ஓர்ப்படி. நாலு அண்ணன் தம்பிகளில் பெரியவரான கோவிந்தசாமி மாமாவைக் கட்டிக்கொண்டு தொம்மலூருக்கு வந்தவர். கடைக்குட்டிக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். தொம்மலூரில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் அவரிடம் திட்டு வாங்காதவர்கள் அதைவிடக் குறைவு. அவருக்கு அஞ்சலி எழுதச் சொல்லித் தொம்மலூர்க்காரர்கள் என்னிடம் கேட்டார்கள். கண்ணீரும் கம்பலையுமாக எழுதுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். எனக்கு அழுகை வராமல் இல்லை. ஆனால் அக்கா ஜெயித்துவிட்டுப் போனவர். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது அவருக்குச் செய்கிற அநியாயம்.

அக்கா வீட்டுக் காபி குடித்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். கொட்டையைத் தானே நின்று அரைத்து வாங்குவார். சிக்கரி என்ற பேச்சை எடுத்தால் கடைக்காரருக்குப் பாட்டு விழும். ஆனால் அவர் அந்தக் காபியைக் குடித்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பக்கத்து வீட்டு லட்சுமம்மா தினமும் வாசலில் நின்று, "ஏன் பாக்யம்மா, நீவு குடியல்வா?" என்று கன்னடத்தில் கேட்பாள். "எனக்கு ஆவாது லட்சுமம்மா" என்று சொல்லி அக்கா தம்ளரைக் கழுவப் போய்விடுவார். உடம்புக்கு ஆகாது என்று லட்சுமம்மா நினைத்துக்கொண்டாள். விஷயம் அதுவல்ல.

எங்கள் குலசாமி கிருஷ்ணகிரி தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் இருக்கும் அம்மன். ஆடி மாதம் நாலு வீடும் அங்கே போய்ப் பொங்கல் வைப்போம். அதற்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் இரண்டு கையும் சேர்த்து அள்ளிய ஒரு பிடி பச்சரிசியை மஞ்சள் துணியில் முடிந்து எடுத்து வர வேண்டும். நாலு பிடியும் ஒரே பானையில் விழ வேண்டும். ஒரு பிடி குறைந்தாலும் பானையை அடுப்பில் ஏற்றக் கூடாது.

தொண்ணூற்றொன்றில் அது நடக்காமல் போயிற்று. சந்தாபுராவில் இருக்கும் மூன்றாமவர் சேகர் அந்த வருஷம் பௌத்தத்தில் சேர்ந்திருந்தார். கோயில் வரைக்கும் வந்தார். தன் வீட்டு அரிசியைப் போட மட்டும் மனசு ஒப்பவில்லை என்றார். மணி மாமா அத்தனை பேர் நடுவில், "அம்மாவ விட நீ பெரிய ஆளா பூட்டியாடா?" என்று கத்தினார். சேகர் அந்த அரிசி முடிப்பை எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கி நடந்துவிட்டார். பானைத் தண்ணீரை வேப்பமர வேரில் ஊற்றிவிட்டுத் திரும்பினோம். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் எல்லோருக்கும் காபி வாங்கி வந்தார் பெரிய மாமா. அக்கா தம்ளரை வாய் வரைக்கும் கொண்டு போய், கீழே வைத்தார். "நாலு பிடியும் ஒண்ணா விழட்டும், அப்பால குடிக்கிறேன்" என்றார். ரோஷத்தில் சொல்கிறார், ஒரு வாரம் தாங்காது என்று நாங்கள் நினைத்தோம். ஆடிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. மணி மாமாவும் சேகரும் பேசிக்கொள்ளவில்லை, பானை ஏறவில்லை, அக்காவும் காபியைத் தொடவில்லை.

பிறகு பெரிய மாமாவுக்கு ஒரு பக்கம் கை விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. மெல்ல மெல்லத் திரும்பி வந்த பேச்சில், முதலில் தெளிவாகக் காதில் விழுந்தது "நாலு பிடி" என்பதுதான். பக்கத்தில் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த அக்கா, "இந்த ஆடிக்குப் பானை ஏறும். நீ கண்ணால பாப்ப" என்று சொன்னார். மாமா போய்ச் சேருவதற்குள் அதை அவர் பார்த்தாக வேண்டும் என்பதே அக்காவின் பயம். தை பிறந்ததும் கிளம்பினார். ஆடி வரைக்கும் அவர் ஏறி இறங்கிய பஸ்களைப் பார்த்து, ஓசூர் ரோடு கண்டக்டர்களே "ஏன் அம்மா, மத்தே சந்தாபுராவா?" என்று, மறுபடியுமா என்கிற தோரணையில், கேட்க ஆரம்பித்தார்கள்.

முதலில் அவர் சேகரிடம் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவருடைய சாமர்த்தியம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி சேகர் வீட்டு மாடியில் பத்துப் பதினைந்து பேர் கூடி, கண்ணை மூடி உட்கார்ந்து, பாடல் சொல்வார்கள். அக்கா வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு போய் அவர்களோடு உட்கார்ந்தார். ஒரு தடவை நானும் துணைக்குப் போனேன். எல்லாம் முடிந்து சேகர், "எப்டி இருந்திச்சி அண்ணி?" என்று கேட்டார்.

"நல்லா தூங்கிட்டன்டா. யாரும் எழுப்பல. நல்ல சாமிடா உங்க சாமி."

"சாமி இல்ல அண்ணி அவரு."

"சரி, நல்ல பெரியவரு. அட்த்த மாசமும் வரேன்."

சேகர் சிரித்துவிட்டார். அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் அக்கா போனார். தூங்குவது குறைந்தது. வரும் வழியில் பஸ்ஸில் அந்தப் பாட்டை அவர் முணுமுணுப்பதை நான் கேட்டிருக்கிறேன். அம்மனுக்கு விளக்கு வைக்கிற அதே வாயால், அதே பக்தியோடு முணுமுணுத்தார். ஒன்றுக்கு ஒன்று இடைஞ்சல் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

மணி மாமா விஷயம் வேறு. அவர் மகளுக்கு வைகாசியில் வளைகாப்பு. பொம்மனஹள்ளியில் தெருவை அடைத்துப் பந்தல். அக்கா நேரே சந்தாபுரா போய், சேகரையும் அவர் மனைவி விமலாவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். வளையல் அடுக்க மூத்தவர் என்று அவரைக் கூப்பிட்டபோது, விமலாவின் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, "நீ போடு மொதல்ல" என்றார். சம்பந்தி வீட்டார் முன்னால் மணி மாமாவால் வாயைத் திறக்க முடியவில்லை. சமையல் பக்கமாகப் போய் நின்றுகொண்டார். அக்கா விடுவாரா? பின்னாலேயே போனார்.

"அண்ணி, நீங்க பண்றது நாயமா?" என்றார் மணி மாமா.

"நாயத்த அப்பால பாக்கலாம். வந்தவங்களுக்கு எலய போடு. உன் தம்பிக்கும்தான்."

மணி மாமா இலை போட்டார். முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போட்டார். சாம்பாரைச் சேகரின் இலைக்கு வெளியில் ஊற்றியதாக விமலா இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

ஆனியில்தான் அக்கா சேகரிடம் வாயைத் திறந்து கேட்டார். அவர் பழைய பதிலையே மரியாதையாகச் சொன்னார். "நான் கும்பிட மாட்டேன் அண்ணி. பொய்யா கும்பிட்டா உங்களுக்கே நல்லா இருக்காது."

"உன்ன யாருடா கும்பிடச் சொன்னது? அந்தச் சோத்த துன்றது யாரு, அம்மனா? நாமதான துன்றோம். உங்க அண்ணன் ஒத்தக் கையால துன்னப் போற சோறு அது. அதுக்கு ஒரு பிடி போடு. போட்டுட்டு அடுப்பப் பாத்துக்க. மணிக்குப் பொக ஆவாது."

சேகர் எழுந்து போய்க் காலண்டரைப் பார்த்தார். பிறகு, "எந்தத் தேதி?" என்று கேட்டார்.

அவர் வருவார் என்று அக்காவைத் தவிர யாரும் நம்பவில்லை என்றுதான் அன்றைக்கு நான் நினைத்தேன். ஆடி ஞாயிறு வந்தது. வாடகை வேனில் பெரிய மாமாவைத் தூக்கி உட்கார வைத்துக்கொண்டு போனோம். வேப்பமரத்தடியில் போய் இறங்கினால், சேகரும் விமலாவும் எங்களுக்கு முன்னால் வந்து சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மணி மாமா அவரைப் பார்த்தார். வேனுக்குப் பின்னால் போய், கட்டிக்கொண்டு வந்திருந்த விறகை எடுத்து வந்து அடுப்புப் பக்கத்தில் போட்டார். பேச்சு அவ்வளவுதான்.

மாமாவை நாற்காலியில் பானைக்கு எதிரே உட்கார வைத்தோம். கடைசி வீட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பது முறை. நான் போட்டேன். விமலா போட்டாள். மணி மாமாவின் மனைவி, எங்கள் பொம்மனஹள்ளிக்காரி, போட்டாள். கடைசியாக அக்கா போட்டார். மாமா பார்த்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கித் தாடையில் நின்றது. அக்கா முந்தானையால் துடைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னார்.

பிறகு நடந்ததைத்தான் எங்கள் குடும்பத்துக்கு இன்னும் பேசிப் பேசித் தீரவில்லை. நுரை பொங்கியது, குலவை போட்டோம். பொங்கி முடிந்தது என்று பார்த்தால் முடியவில்லை. அரிசியே எழும்பி வெளியே வந்தது. மூடியிருந்த தட்டைத் தள்ளிக்கொண்டு வந்தது. அடுப்பெல்லாம் அரை வேக்காட்டுச் சோறு. சேகர் கரண்டியோடு ஒரு பக்கம், மணி மாமா துண்டோடு ஒரு பக்கம். "அண்டா கொண்டாடா, அண்டா" என்று மணி மாமா கத்த, அம்மனைக் கும்பிட மாட்டேன் என்ற சேகர், பக்கத்தில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்த குடும்பத்திடம் ஓடிப் போய் அண்டா இரவல் கேட்டு வந்தார். பானையை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கவிழ்த்தார்கள்.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "யாருடி ரெண்டு பிடி போட்டது?" என்று கேட்டார்.

முதலில் நான்தான் மாட்டினேன். சேகர் வராவிட்டால் பானை ஏறாதே, மாமா பார்க்காமல் போய்விடுவாரே என்று, அவர் வீட்டுக்கும் சேர்த்து ஒரு பிடி முடிந்து வைத்திருந்தேன். அவர் வந்த பிறகும், குலசாமிக்கென்று எடுத்த அரிசியை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக மனசில்லாமல் சேர்த்துப் போட்டுவிட்டேன். விமலா தலையைக் குனிந்துகொண்டு, "எங்களப் பாத்துட்டு மணி மாமா கோச்சிக்கினு பூட்டார்னா இன்னா பண்றதுன்னு அவரு ரெண்டு பிடி எடுக்கச் சொன்னாரு" என்றாள். பொம்மனஹள்ளிக்காரி புருஷனைப் பார்த்தாள். மணி மாமா அண்டாவைக் கிளறிக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். "சேகரு வூட்டுதும் நானே எடுத்தாந்தேன். வரலன்னா இன்னா, அவன் பங்கு இல்லாமப் பூடுமா?"

சேகர் கரண்டியைக் கீழே வைத்தார். "அண்ணே" என்றார். தொண்ணூற்றொன்றுக்குப் பிறகு அந்த வார்த்தையை அவர் வாயில் நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

அக்கா உட்கார்ந்துவிட்டார். மண்ணில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தானும் ஒரு பிடி கூடப் போட்டதைச் சிரிப்புக்கு நடுவில் சொன்னார். "ஒருத்தர ஒருத்தர் நம்பாததுல மட்டும் ஒத்துமையா இருக்கறீங்களேடா, என்னையும் சேத்து" என்றார். அந்தச் சோறு வேகாமல் நறநறவென்று இருந்தது. எங்களுக்குப் போக, அண்டா கொடுத்த குடும்பத்துக்கும் பூசாரிக்கும் கொடுத்தும் மிஞ்சியது. பெரிய மாமா இடக்கையால் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

திரும்பும்போது அதே கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் வேனை நிறுத்தச் சொன்னார் மாமா. மணி மாமா இறங்கப் போனார். சேகர் முந்திக்கொண்டு போய்க் காபி வாங்கி வந்தார். நாங்கள் எல்லோரும் எங்கள் தம்ளரை மறந்து அக்கா வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வாய் குடித்தார். நிதானமாக விழுங்கினார். "சிக்கரி" என்றார். முழுக்கக் குடித்தார்.

அதன் பிறகு அவருக்கு ஒரு ஆயுத பூஜை, ஒரு தீபாவளி, ஒரு தைப்பொங்கல் கிடைத்தன. எல்லாவற்றுக்கும் நாலு வீடும் தொம்மலூரில் கூடின. லட்சுமம்மா முன்னால் உட்கார்ந்து வேண்டுமென்றே உறிஞ்சி உறிஞ்சிக் காபி குடித்தார். மாமா போய்விடுவார் என்று பயந்து ஓடி அலைந்தவர், மாமாவுக்கு முன்னால் போனார். மாசியில் அந்தக் காலை, டிகாக்ஷன் இறங்கட்டும் என்று சொல்லிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. இன்னும் எத்தனை ஆடி இருந்திருக்கலாம்.

அவரை எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியதையெல்லாம் மணி மாமா முன்னின்று செய்தார். முடித்துவிட்டு, கூட்டத்தின் ஓரத்தில் நின்ற சேகரைக் கூப்பிட்டு, "உங்க பாட்ட நீயும் படிடா. அண்ணி உக்காந்து கேட்ட பாட்டு" என்றார். சேகர் படித்தார். பாதியில் குரல் உடைந்தபோது, பஸ்ஸில் கேட்டுக் கேட்டு எனக்குப் பழகியிருந்த அடிகளை நான் எடுத்துக் கொடுத்தேன்.

காரியத்தன்று படையல் போட்டோம். அவருக்குப் பிடித்தது எல்லாம் இலையில் வைத்தாயிற்று. நான் கூடையிலிருந்து ஃபிளாஸ்கை எடுத்தேன். சிக்கரி இல்லாத காபி, வீட்டிலேயே போட்டுக் கொண்டு வந்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் விமலா கையில் ஒரு ஃபிளாஸ்க். பொம்மனஹள்ளிக்காரி பைக்குள்ளிருந்து ஒன்றை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து, அந்த ஆடிக்குப் பிறகு கொஞ்சம் நடக்க ஆரம்பித்திருந்த பெரிய மாமா, இடக்கையில் பித்தளைத் தம்ளரைப் பிடித்துக்கொண்டு, ததும்பத் ததும்ப நடந்து வந்தார். மற்றவர்கள் மறந்துவிடுவார்கள் என்றுதான் ஒவ்வொருவரும் கொண்டு வந்திருந்தோம். மாமா அந்த நாலையும் பார்த்தார். "பொங்கி வழியப் போவுது" என்றார். அந்த வீட்டில் அத்தனை நாளுக்குப் பிறகு முதன்முதலாக எல்லோரும் சிரித்தோம்.

தீட்டு இருப்பதால் இந்த ஆடிக்குப் பானை ஏறாது. அடுத்த ஆடிக்கு ஏறும். அக்காவிடமிருந்து நகையோ புடவையோ நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த இரண்டாவது பிடியை எடுத்துக்கொண்டேன். என் மஞ்சள் துணியில் எப்போதும் அது இருக்கும்: ஒன்று எங்கள் வீட்டுக்கு, இன்னொன்று வர முடியாமல் போனவருக்கு. பானை மட்டும் கொஞ்சம் பெரிதாக வாங்க வேண்டும்.